நூல் கட்டிய கடைசிப் பக்கங்கள்

1

ரங்கூனில் மறுபடி கடை திறந்து, மறுபடி அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் மயிலாப்பூரில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தை பிறந்தால் கப்பலேறி வந்த நினைப்பு வந்துவிடுகிறது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் உங்கள் பத்திரிகைக்கு ஒன்று எழுதி அனுப்புகிறேன். நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் வெற்றிலைச் செல்லம் பாதி காலியாகிவிடும். ஆனாலும் என் கையால்தான் எழுதுவேன். என் மகன் நடராஜன் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவன் எழுதினால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும்.

இங்கே பார்க்கிறவர்கள் எல்லாரும், "சொந்த ஊருக்கு வந்து சேந்துட்டீங்க, அப்புறம் என்ன குறை?" என்கிறார்கள். நான் பிறந்தது பெகுவில். வாழ்க்கைப்பட்டது மொகல் தெருவில். இந்தப் பட்டணத்தை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்ததே நரைத்த தலையோடு துறைமுகத்தில் இறங்கிய அன்றுதான். தேக்குப் பலகை போட்ட தரையில் நாற்பது வருஷம் நடந்த கால், இங்கே சிமிட்டித் தரையில் இன்னும் பழகவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால், பெருமை பேசுகிறாள் என்பார்கள். பேசத்தான் பேசுவேன், இருந்ததைத்தானே பேசுகிறேன்.

நாங்கள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தோம். வந்த சில மாதத்தில் இந்தப் பட்டணமே குண்டுக்குப் பயந்து ஓடியது. தெருத்தெருவாகப் பூட்டிய வீடுகள். ஓடிப்போன ஒரு வக்கீலின் வீட்டுப் பின்கட்டு, அதனால்தான் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. வக்கீல் பிறகு திரும்பி வந்துவிட்டார். எங்களைப் போகச் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஆனால் கிணற்றடியில் அவர்கள் வீட்டு ஆட்கள் வந்தால் நாங்கள் விலகி நிற்கவேண்டும். ரங்கூனில் நான் யாருக்கும் விலகி நின்றவள் இல்லை.

2

சரசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் தங்கை செல்லம்மாளின் மகள். செல்லம்மாள் எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள். தங்கை என்று பேர், வளர்த்தது நான். அவள் புருஷனுக்கு மாந்தளையில் ரயில்வே வேலை. நானும் நடராஜனும் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கூப்பிட்டபோது, "வேலையை விட்டுட்டு எப்படி வர்றது அக்கா, பார்த்துக்கிட்டு வர்றோம்" என்றாள். அப்புறம் கப்பல் நின்றுவிட்டது. நடந்துதான் கிளம்பினார்கள். புருஷன் காலராவில் வழியிலேயே போய்விட்டான். அவளுக்கும் ஒரு ஆற்றங்கரை முகாமில் காய்ச்சல் கண்டது. நம் தெருவில் தையல்கடை வைத்திருந்த மாணிக்கத்தின் குடும்பம் அங்கே இருந்திருக்கிறது. நாலு வயதுக் குழந்தையை அவர்கள் கையில் கொடுத்து, "முன்னால போய்க்கிட்டே இருங்க, நான் ரெண்டு நாள்ல வந்து சேர்ந்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். மாணிக்கத்தின் மனைவி சரசுவைத் தோளில் தூக்கி மலை தாண்டி, கல்கத்தா வழியாகக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினாள். அவர்களும் உங்களோடுதான் இப்போது அங்கே இருக்கிறார்கள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்.

வந்தபோது சரசு பாதி பர்மாப் பேச்சுத்தான் பேசுவாள். தூக்கத்தில் "அமே, அமே" என்று தாயைக் கூப்பிடுவாள். இப்போது அதெல்லாம் மறந்துவிட்டது. வேலைக்கு வரும் முனியம்மாவோடு சேர்ந்து "இன்னா பெரிம்மா, எங்க போய்க்கினு கீறே?" என்கிறாள். நான் திட்டினால் சிரிக்கிறாள். நான் பர்மியக் கறி ஒன்று வைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். அவள் பிறந்த ஊர் வாசனை அது.

அரிசிக் கார்டில் அவள் பேரைச் சேர்க்க எத்தனை நடை நடந்தேன் தெரியுமா? அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை, "தாய் இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு எழுத இடமில்லம்மா. இருக்காங்க, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"இல்லைன்னு என் வாயால சொல்லமாட்டேன். இருக்கான்னு சொன்னா எங்கேன்னு கேப்பே. நீயே பார்த்து எழுதிக்க" என்றேன்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் என்னையும் சரசுவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைத் தாண்டி அடுத்ததை எழுதினான். இன்றைக்கும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

3

எங்கள் பக்கத்தில் மாதர் சங்கம் ஒன்று உண்டு. மாடியில் ஒரு வாசக அறை வைத்திருக்கிறார்கள். யுத்தத்தின்போது நானும் போய்ப் பட்டாளத்துக்குக் காலுறை பின்னிக் கொடுத்தேன். அதில் ஏற்பட்ட பழக்கம். சங்கத்துக் காரியதரிசி கோமதி. எங்கள் வீட்டுக்கார வக்கீலின் மனைவிதான். என்னைவிட வயதில் சிறியவள், கெட்டிக்காரி, கொஞ்சம் அதட்டல்.

வாசக அறையில் சுவரில் ஒரு பட்டியல் மாட்டியிருப்பார்கள். என்னென்ன புத்தகம் படிக்கலாம் என்று. பக்திப் பாட்டு, சமையல், நீதிக் கதை, கைவைத்தியம். குழந்தைகள் மாடியேறி வரும், அதைப் பார்க்கும், இறங்கி ஓடிவிடும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன்: "பிள்ளைகளுக்கு மாயக்கதை, கடல்ல போற கதை, காட்டுல போற கதைன்னு நாலு சேருங்க. ரங்கூன்ல எங்க தெருப் பிள்ளைங்க அதுக்கு அடிச்சுக்கும்."

கோமதி முகத்தைச் சுளித்தாள். "பூதம், மந்திரவாதின்னு படிச்சுட்டு எங்காத்துக் குழந்தைகள் ராத்திரியெல்லாம் அலறினா யார் பதில் சொல்றது? சரி, நீங்களே கூட இருந்து தேர்ந்தெடுங்கோ. அப்புறம் பழி என் மேல வரப்படாது."

அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

காகிதம் கிடைக்காத காலம். புதுப் புத்தகம் வருவது அபூர்வம். தேனாம்பேட்டையில் காதர் பாய் என்று ஒருவர், பழைய புத்தகம் வாங்கி, கிழிந்ததைத் தைத்து, அட்டை போட்டு விற்கிறவர். சங்கத்துக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்புவார். படித்துப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடலாம். ஆனால் பாய் விவரமானவர். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கங்களைச் சேர்த்து ஊசியால் குத்தி நூல் போட்டுக் கட்டிவிடுவார். நூலை அறுத்தால் புத்தகத்தை வாங்கியாக வேண்டும். ஓசியில் முழுக்கதையும் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களால் அவர் ரொம்ப அடிபட்டவராம். ஆகவே நாங்கள் ஒவ்வொரு கதையையும் முடிவு தெரியாமலே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் கோமதி உரக்கப் படிப்பாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்போம். முனியம்மா அறையைப் பெருக்க வருகிறவள், பெருக்காமல் துடைப்பத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கதை நூல் கட்டிய இடத்துக்கு வந்ததும் கைதூக்கச் சொல்வாள் கோமதி. முடிவு தெரிய வேண்டும் என்று தவிக்கிறவர்கள் அதிகமாக இருந்தால் அந்தப் புத்தகம் பட்டியலில் சேரும். யாரும் தவிக்கவில்லையென்றால் பாயிடம் திரும்பும்.

4

கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கதைகளில் முதல் பக்கத்திலேயே தாய் போய்விடுகிறாள். ஒன்று செத்துப்போகிறாள். அல்லது ராட்சசன் தூக்கிக்கொண்டு போகிறான். தாய் வீட்டில் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை ஏன் ஏழு கடல் தாண்டப் போகிறது? கதை எழுதுகிறவனுக்கு வேறு வழியில்லை போலிருக்கிறது.

சரசு இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் படிப்பாள். அவள் அதிகம் கேட்கிற பிள்ளை இல்லை. முன்பெல்லாம் அம்மா எப்போது வருவாள் என்று கேட்பாள். அப்புறம் விட்டுவிட்டாள். அது ஆறிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். ஆறினதைக் கீறக் கூடாதல்லவா? ஆகவே தாய் காணாமல் போகிற கதை வந்தால் ஏதாவது குற்றம் சொல்லித் தள்ளிவிடுவேன். எழுத்து பொடி, தாள் மட்டம், படம் அசிங்கம் என்று.

"இன்னாம்மா நீ! நீதானே மாயக்கதை ஓணும்னே. இப்ப வர்றதையெல்லாம் நொட்டை சொல்லிக்கினு கீறியே" என்றாள் முனியம்மா.

"நீ பெருக்குற வேலையைப் பாரு."

"பெருக்கிட்டா கதை போயிடுமே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு கதையிலும் ஒரு தாயைப் பிடித்து வெளியே தள்ளுவது லேசான வேலை இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் யாரும் இல்லையென்று சரசுவையும் கூட அழைத்துப் போனேன். அன்றைக்குக் கோமதி எடுத்தது ஒரு கப்பல் கதை. ஆரம்பத்தில் தாய் நன்றாகத்தான் இருந்தாள். முத்து வியாபாரியின் மனைவி, பெண்ணோடு கப்பலில் போகிறாள், பாடுகிறாள், பெண்ணுக்குத் தலை பின்னுகிறாள். சரி, இது தோஷமில்லாத கதை என்று நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது புயல் அடித்து, கப்பல் உடைந்து, தாய் ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமும் போய்விட்டார்கள். கப்பலில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவனோடு அந்தப் பெண் தீவு தீவாகத் தாயைத் தேடிப் போகிறாள். நிறுத்தச் சொல்லலாமென்று பார்த்தால், சரசு கோமதியின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இமைகூடக் கொட்டவில்லை.

கடைசித் தீவில் ஒரு குடிசை. உள்ளே யாரோ இருமும் சத்தம். பெண் கதவில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் காதர் பாயின் நூல்.

"அய்யோ!" என்றார்கள் எல்லாரும்.

"இன்னிக்கு நேரமாயிடுத்து. அடுத்த வாரம் கை தூக்கலாம்" என்று கோமதி புத்தகத்தை மூடிவிட்டாள்.

5

அந்த வாரம் முழுதும் சரசு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முனியம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "எங்கம்மா வந்தாங்கன்னா, அரிசிக் கார்டுல அவங்க பேரையும் சேப்பாங்களா? இல்ல, என் அரிசியிலதான் பாதி குடுக்கணுமா?" என்று. முனியம்மா என்னிடம் வந்து சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"குயந்தை நெனச்சிக்கினு கீதும்மா. அந்தக் கதையைக் கேட்டதுலேந்து வாசப்பக்கமே நிக்குது" என்றாள்.

நான் உடனே ஜட்கா பிடித்துத் தேனாம்பேட்டைக்குப் போனேன். காதர் பாய் கடைவாசலில் உட்கார்ந்து பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தக் கப்பல் கதைக்கு முடிவு என்ன?"

"அய்ய, நான் தைக்கிறவன்மா. படிக்கிறவனா? தைக்கிறதையெல்லாம் படிச்சுக்கினு இருந்தா கடையை எப்ப மூடறது?"

"வேற பிரதி இருக்கா?"

"காயிதம் விக்கிற விலையில வேற பிரதியா? ஏன்மா, அவ்ளோ ஆசைன்னா வாங்கிக்கினு நூலை அறுங்களேன்."

"ஆசையில்லை. நல்லபடியா முடியுதா, கெட்டபடியா முடியுதான்னு மட்டும் தெரியணும்."

அவர் சிரித்துவிட்டார். "நல்லபடியாத்தான் முடியும். கெட்டபடியா முடியற கதைய இந்தக் காலத்துல எவன் காயிதம் செலவு பண்ணி அச்சுப் போடுவான்? தைரியமா போங்க."

அவர் தைரியம் சொன்னார். அதுதான் எனக்குப் பயம். கதையில் தாய் செத்துக் கிடந்தால் சரசு ஒரு நாள் அழுவாள். உயிரோடு இருந்தால், அவள் எத்தனை வருஷம் வாசலில் நிற்பாள்? வேண்டாம், இந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

6

அடுத்த வெள்ளிக்கிழமை சரசுவை வீட்டில் விட்டுப் போகத்தான் பார்த்தேன். எனக்கு முன்னால் அவள் மாடியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கப்பல் கதை வேண்டாம். திருப்பி அனுப்பிடுங்க" என்றேன் கோமதியிடம்.

"ஏன்?"

"அட்டை சரியில்லை."

"அட்டையைப் பாயே மாத்தித் தருவார். வேற காரணம் சொல்லுங்கோ."

வேறு காரணம் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எப்படிச் சொல்வது? கோமதி கை தூக்கச் சொன்னாள். என்னைத் தவிர எல்லாக் கையும் மேலே போயிற்று. முனியம்மாவுக்குக் கை தூக்க உரிமை இல்லை. அவள் துடைப்பத்தைத் தூக்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டாள்.

கோமதி கத்தரிக்கோலால் நூலை அறுத்தாள்.

கதவு திறந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் தாய்தான். நோய்ப்பட்டு இளைத்திருந்தாள். பெண்ணை அடையாளம் தெரிந்துகொண்டாள். தலை பின்னாமல் திரிகிறாயே என்று கேட்டாள். கோமதியே மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் மீதியைப் படித்து முடித்தாள். அறையில் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் சரசுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. சிரிக்கவுமில்லை. கணக்குப் போடுகிற பிள்ளைபோல நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தாள்.

"சரி, பட்டியல்ல ஏத்திடலாம்" என்று கோமதி பேனாவை எடுத்தாள். புதுப் புத்தகங்களுக்கு இரண்டு தலைப்புப் போட்டிருந்தாள். ஒரு பக்கம் மாயக்கதைகள். இன்னொரு பக்கம் சாகசக் கதைகள். "கப்பல், புயல், தீவு. இது சாகசத்துல வரும்."

"மாமி, ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?" என்று சரசு கேட்டாள்.

"உலகத்துல நடக்கக்கூடியதா இருந்தா சாகசம். நடக்கவே நடக்காதுன்னா மாயக்கதை. புரிஞ்சுதா?"

"அப்ப இதை மாயக்கதையில எழுதுங்க."

"அசடு. இதுல மந்திரம் எங்கேடி இருக்கு? பூதம் உண்டா, பறக்கிற கம்பளம் உண்டா?"

"அம்மா கெடைச்சாங்கல்ல, மாமி" என்றாள் சரசு.

முனியம்மா திரும்பிக்கொண்டு சுவர் ஓரத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். கோமதி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதட்டுகிற அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை.

"அவ சொல்றபடியே எழுதுங்க" என்றேன்.

மாயக்கதைகள் பக்கத்தில் எழுதினாள். மை காயும்வரை சரசு பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "வா பெரிம்மா, போலாம்" என்றாள். மாடிப்படியில் எனக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படிக்கும் நின்று, என்னை இறக்கிக்கொண்டு போனாள். வீட்டு வாசலில் அவள் நிற்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பட்டியல் இப்போது சுவரில் தொங்குகிறது. பிள்ளைகள் மாடிக்கு ஓடி வருகிறார்கள். அந்தக் கப்பல் கதைக்குத்தான் போட்டியாம். சரசு அதை மறுபடி தொடவில்லை. சிங்கம், புலி வருகிற வேட்டைக் கதையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு கேள்வி கேட்டு, ஒரு பதில் சொல்லி, அந்தக் காரியத்தை முடித்துக்கொண்டுவிட்டது. வயதான எனக்குத்தான் அது கூடவில்லை.

ஆகவே போன தைக்கும் அதற்கு முந்தின தைக்கும் கேட்டதையே உங்களிடம் கேட்கிறேன். பேர் செல்லம்மாள். நாற்பது வயது இருக்கும். மாநிறம், இடது புருவத்தின் மேல் தழும்பு. பேசும்போது தலையைச் சாய்த்துப் பேசுவாள். மலை வழியாகத் திரும்பி வந்தவர்கள், பர்மியர் கிராமங்களில் வியாபாரத்துக்குப் போய்வருகிறவர்கள் யாராவது பார்த்திருந்தால், கேள்விப்பட்டிருந்தால்கூடப் போதும், பத்திரிகைக்காரர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் என் மகன் நடராஜனின் ஆபீசுக்கு எழுதட்டும். வீட்டுக்கு எழுத வேண்டாம். இங்கே சரசு இப்போது எல்லா எழுத்தையும் நன்றாகப் படிக்கிறாள்.